றோட்டோடு போன புகை

எங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும், பிரதேச சபைத் தவிசாளருக்கும், உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து, டெங்குக்கு நுளம்பு மருந்து அடிக்கிற விதத்தைப் பற்றி எழுதுகிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் இது ஒரு ஒபிசுக்கு எதிரான முறைப்பாடு ஆகிவிடும். அப்புறம் விசாரணை, விளக்கம், பதில் கடிதம் என்று ஆறு மாதம் ஓடும். அதற்குள் அடுத்த மாரி வந்துவிடும். எனக்கு விளக்கம் தேவையில்லை. நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

போன மாரியில் என் பேத்திக்கு டெங்கு வந்தது. அவளுக்கு ஏழு வயது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆறு நாள் வார்ட்டில் இருந்தாள். அங்கே இரவு பகலாகப் பார்த்த டொக்டர்மாரையும் நேர்ஸ்மாரையும் பற்றிக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. பிள்ளை வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, கொஞ்சம் தேறி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு நுளம்புக்குப் புகை அடிக்கிற மெஷின் வந்தது. காய்ச்சல் தொடங்கிய நாளில் இருந்து எண்ணினால் அது பதினான்காம் நாள்.

நல்ல வெயில். மெஷின் றோட்டோடு போனது. மழை விட்டு நிலம் காய்ந்து கிடந்த நேரம், புகை தரையில் நிற்கவில்லை. தென்னை வட்டைத் தாண்டி மேலே போய்விட்டது. மணம் பிடிக்காமல் பக்கத்து வீட்டில் யன்னல் எல்லாவற்றையும் சாத்தினார்கள். நான் வேலியடியில் நின்று, "தம்பி, காய்ச்சல் வந்த வீடு இதுதான், உள்ளே வந்து அடியுங்கோ" என்றேன். மூக்கில் சால்வை கட்டியிருந்த அந்தப் பொடியன் பாவம், மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அம்மா, றோட்டுக்கு மட்டும்தான் எங்களுக்கு எண்ணெய் தந்திருக்கு."

அவனில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பதினான்கு நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

டெங்குக் காய்ச்சல்காரரின் இரத்தத்தில், காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து காய்ச்சல் வந்து ஏறத்தாழ ஐந்து நாள் வரை வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் கடிக்கிற நுளம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய அன்றே அது அடுத்தவருக்குக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் வயிற்றில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை எடுக்கும். அதற்குப் பிறகு அந்த நுளம்பு சாகும் வரை, கடிக்கிற ஒவ்வொருவருக்கும் நோயைக் கொடுக்கலாம். ஆகவே என் பேத்தியைக் காய்ச்சலின் முதல் நாள் கடித்த நுளம்பு, நீங்கள் ஐந்தாம் நாள் வந்திருந்தால், எங்கள் கட்டிலுக்குக் கீழே யாருக்கும் கெடுதல் செய்ய முடியாத நிலையில் இருந்திருக்கும். பதினான்காம் நாள் அது வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். அடுத்த கிழமை மூன்றாவது வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டு நுளம்புதான் அது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் டெங்கு நுளம்பு பிறந்த இடத்தில் இருந்து பொதுவாக நூறு இருநூறு மீற்றருக்கு மேல் போகாது என்பதையும் நான் படிப்பித்திருக்கிறேன்.

இந்த நோயைச் சந்தேகம் வந்த உடனேயே அறிவிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். அது உங்கள் மேசைக்கு வந்து, அங்கிருந்து பரிசோதகரின் கைக்குப் போய், அவர் வீட்டைத் தேடி வந்து, மெஷினுக்கும் எண்ணெய்க்கும் எழுதிக் கேட்டு... இந்த வழியில் எந்த இடத்தில் பத்து நாள் தொலைகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கோழி வாங்க வருகிறவனே முதல் நாள் கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருகிறான்.

சரி, என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலேரியா மருந்து அடிக்கிற குழுவில் கூலியாக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருடம். டி.டி.டி. மருந்துக்கு நுளம்பு சாகாமல் போய், அதற்குப் பதிலாக மலத்தியனைக் கொண்டுவந்திருந்த காலம். மலத்தியனின் நாற்றம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து வந்தால் அம்மா அவரைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுத்தான் வாசல்படி ஏற விடுவா. சாரத்தைத் தனியாகத் தோய்ப்பா.

அவர்கள் வேலை செய்த விதத்தை நான் லீவு நாட்களில் பின்னால் திரிந்து பார்த்திருக்கிறேன். இரண்டு நாளுக்கு முதலே ஒருவர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவார்: வியாழக்கிழமை உங்கள் பக்கம், சட்டி பானை எல்லாம் வெளியில் எடுத்து வையுங்கோ, கிணற்றை மூடுங்கோ, கைப்பிள்ளை இருந்தால் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கோ. அன்று காலை வளவெல்லாம் பாயும் பெட்டியும் உலை மூடியுமாகக் கிடக்கும். பார்க்கிறவர்கள் வீடு மாறுகிறார்களோ என்று நினைப்பார்கள். அப்பா பம்பைத் தோளில் போட்டு, குழல் முனையைச் சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு பட்டி, ஒரு எட்டு நகர்ந்து கீழிருந்து மேலே ஒரு பட்டி என்று அடிப்பார். பட்டியின் அகலம் முக்கால் மீற்றர். ஒன்றின் ஓரம் அடுத்ததில் கொஞ்சம் ஏற வேண்டும். வேகம் கூடினால் மருந்து குறையும், வேகம் குறைந்தால் வழிந்து ஓடும். சுவர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரியும். கடைசியில் கதவுக்குப் பின்னால் திகதியை எழுதிவிட்டு வெளியே வருவார். எங்கள் பழைய வீட்டுக் கதவில் அந்தத் திகதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

மலேரியா நுளம்பு இரவில் வந்து கடித்துவிட்டு, வயிறு பாரத்தில் பறக்க ஏலாமல் பக்கத்துச் சுவரில் குந்தும். செரித்து முடிய இரண்டு மூன்று நாள். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் அதோடு முடிந்தது. மலேரியாக் கிருமியும் நுளம்புக்குள் முற்ற பத்து நாளுக்கு மேல் எடுக்கும். அதற்குள் அது பல தரம் கடித்துப் பல தரம் சுவரில் குந்தியாக வேண்டும். ஏதோ ஒரு தரம் மருந்தில் மாட்டும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

எல்லா வீட்டிலும் அப்பாவை வரவேற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். புதுச் சுண்ணாம்பு பூசிய வீட்டில் விட மாட்டார்கள். சாமி அறையில் விட மாட்டார்கள். சில வீடுகளில் நாய்தான் பதில் சொல்லும். மண் சுவர் மருந்தைக் குடித்துவிடும், கெதியாக வலுவும் போய்விடும். அதைவிடப் பெரிய கரைச்சல், பொங்கலுக்கு முன்னம் சுவரை மெழுகுகிற வழக்கம். மார்கழியில் அடித்த மருந்து தையில் மண்ணுக்குக் கீழே. அதனால் அவர்கள் குழு எங்கள் பக்கத்துக்குப் பொங்கல் கழிந்து வரப் பார்க்கும். இந்த ஞானம் எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததில்லை. வீட்டுப் பெண்களோடு திண்ணையில் இருந்து கதைத்ததால் வந்தது. "முதல்ல குசினிய விடுங்கோ, மறுகா அடிப்பம்" என்று அப்பா சொன்னால், மறுப்பதற்கென்று நின்றவர்களும் முன் அறையைத் திறந்துவிடுவார்கள்.

அந்த வேலை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1934, 1935இல் இந்தத் தீவில் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். வீட்டுக்குள் மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகு 1963இல் நாடு முழுவதற்கும் பதிவானது 17 நோயாளிகள்தான். வெற்றி என்று மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மறுபடியும் தொடங்கி, மருந்து மாற்றி, 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். யுத்தம் நடந்த வடக்கு கிழக்கிலும் அந்த வேலை முற்றாக நிற்கவில்லை. கடைசியில் 2012 ஒக்டோபரோடு உள்ளூரில் தொற்றுகிற மலேரியா நின்றது. 2016 செப்டம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்; 1963இல் என்ன நடந்தது என்று நினைவுபடுத்தியிருப்பார். நோய் குறைந்த வருடம்தான் ஆட்குறைப்பு வரும் என்று அடிக்கடி சொல்கிறவர் அவர். கிழமைச் சம்பளத்துக்கு இருந்தவருக்கு அது வேறு விதத்திலும் தெரியும்.

இனி, டெங்குக்கு அப்படியே மலேரியா முறையைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் என் மாணவர்களே சிரிப்பார்கள். டெங்கைக் காவுகிற ஈடிஸ் எஜிப்தை நுளம்பு பகலில் கடிப்பது; வெள்ளாப்பு விட்ட பிறகும், பின்னேரம் பொழுது சாயும் முன்னும்தான் அதன் தீவிரம். வீட்டுக்குள் அது குந்துகிற இடமும் வேறு. ஒன்றரை மீற்றருக்குக் கீழே, இருட்டில். கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், கொழுவிய சட்டைக்குள், பிள்ளைகளின் புத்தகப் பைக்குப் பின்னால். சுவர் முழுக்க அடிப்பது வீண். அந்தக் கீழ்ப் பகுதிக்கும் இருட்டு மூலைகளுக்கும் மட்டும் தங்கி நிற்கிற மருந்தை அடித்தால் போதும். அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் இப்படித்தான் செய்தார்கள். நோயாளி கடந்த நாட்களில் எங்கெங்கே போய் இருந்தார் என்று விசாரித்து, அந்தந்த வீடுகளுக்குள் மருந்து அடித்தார்கள். அப்படி அடித்த இடங்களில் மேலும் நோய் பரவுகிற வாய்ப்பு நூற்றுக்கு 86 முதல் 96 வரை குறைந்ததாக 2017இல் ஆய்வு வெளிவந்தது.

கெய்ன்ஸ் எங்கே, படுவான்கரை எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் வீடுகளில் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பாதி நேரம் நாங்கள் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும்தான் இருக்கிறோம். டெங்கைக் காவுகிற மற்ற நுளம்பான ஈடிஸ் அல்பொபிக்டஸ் வளவிலேயே பிறந்து வளவிலேயே குந்துகிற சாதி, அதற்கு வீட்டுச் சுவர் எதற்கு? ஆகவே அதே பலன் இங்கேயும் கிடைக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் றோட்டோடு போகிற புகையால் எங்களுக்கு என்ன பலன் கிடைக்கிறது என்று யாராவது அளந்து பார்த்தீர்களா? புகை பறக்கிற நுளம்பில் பட்டால்தான் கொல்லும். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் இருப்பதற்கும், பீப்பாவுக்குள் நெளிகிற நுளம்புப் புழுவான குடம்பிக்கும் அது நடந்ததே தெரியாது. அடித்தால் வெயில் ஏற முதல், அல்லது பின்னேரம், கதவு யன்னல் திறந்து கிடக்கும்போது அடிக்க வேண்டும். ஒரு கிழமைக்குள் மறுபடியும் வர வேண்டும். பகல் பதினொரு மணிப் புகை நுளம்புக்காக அடித்ததா, ஊர்ச்சனம் பார்க்க வேண்டும் என்று அடித்ததா என்று தெரியவில்லை. சபை உறுப்பினர்களே, இது உங்களுக்கும்தான். "எங்கட ஊருக்குப் புகை அடிக்கேல்ல" என்று சனம் உங்களைப் பிடித்துக் கேட்கிறது, நீங்கள் ஒபிசைப் பிடித்துக் கேட்கிறீர்கள், ஒபிஸ் புகையை அனுப்புகிறது. இந்தச் சுற்றில் சனத்துக்கும் பங்கு இருக்கிறது. புகையைக் கண்டால்தான் வேலை நடந்ததாக நாங்களும் நம்பிவிடுகிறோம்.

மருந்தைப் பற்றியும் ஒன்று. என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டால் "நுளம்பு மருந்து" என்று பதில் வருகிறது. வயலுக்கு மருந்து வாங்கப் போகிற விவசாயி போத்தலில் பெயர் பார்த்துத்தான் வாங்குகிறான்; எங்கள் படுக்கை அறைக்குள் வருவதன் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாதா? பைரித்ரொயிட் என்ற வகைப் பூச்சிமருந்துகள் ஆட்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் தேனீக்கும் கடும் நஞ்சு. வாவியை நம்பி இருக்கிற ஊர் இது. பம்பைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் போக முடியாது. அதே வகை மருந்துகள் வயலிலும் விழுகின்றன, கடைகளில் விற்கிற நுளம்புச் சுருளிலும் இருக்கின்றன. இலங்கை ஈடிஸ் நுளம்புகளில் இந்த வகை மருந்தைத் தாங்குகிற மரபணு மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டும் இருக்கின்றன. எங்கள் பக்கத்து நுளம்பு உங்கள் மருந்துக்குச் சாகிறதா என்று வருடத்தில் ஒரு தரமாவது பிடித்துச் சோதித்துவிட்டு அடியுங்கள். டி.டி.டி. காலத்தில் சாகாத நுளம்புக்கு எத்தனை சுவரை வெள்ளையாக்கினார்கள் என்று அப்பா கதை கதையாகச் சொல்வார். மருந்து அடிக்கிற பொடியன்களுக்குச் சால்வைக்குப் பதிலாக ஒழுங்கான முகக்கவசமும் கையுறையும் கொடுங்கள். அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு தொப்பி.

பிறகு தண்ணீர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வளவில் குடம்பி இருந்தால் வீட்டுக்காரருக்கு வழக்கு வரும். வரட்டும், சட்டம் நல்ல சட்டம். ஆனால் கோடையில் கிணறு வற்றினால் நீங்கள் பவுசரில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுகிறீர்கள். அடுத்த பவுசர் எப்போது வரும் என்று தெரியாததால் நாங்கள் பீப்பாவிலும் வாளியிலும் பழைய சீமெந்துத் தொட்டியிலும் சேர்த்து வைக்கிறோம். முட்டையில் இருந்து நுளம்பு வர ஏழு பத்து நாள் போதும். பவுசரோடு சேர்த்து பீப்பா வாய்க்குக் கட்ட வலைத்துண்டு ஒன்று கொடுத்தால் எவ்வளவு செலவாகும்? தண்ணீர் முடிந்த பீப்பாவின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறுமனே கவிழ்த்தால் போதாது, ஒட்டியிருக்கிற முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை உங்கள் ஒலிபெருக்கி ஓட்டோ ஒரு நாளும் சொன்னதில்லை. அது சொல்வது சிரட்டையும் டயரும்தான். என் வளவில் சிரட்டை கிடையாது, அடுப்புக்குப் போய்விடும்.

டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டை இடும் என்று நானும் பல வருடம் படிப்பித்தேன். அது பிழை. நம் நாட்டின் கரையோரங்களில் எடுத்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு லீற்றரில் 2 முதல் 15 கிராம் வரை உப்பு இருக்கிற உவர்த் தண்ணீரிலும் இரண்டு வகை ஈடிஸின் குடம்பிகளும் இருந்தன. எங்கே தெரியுமா? கைவிட்ட தோணிகளில், பாவனை இல்லாத கிணறுகளில், வீசிய பிளாஸ்டிக் ஏனங்களில். வாவிக்கரை நெடுக எத்தனை உடைந்த தோணி கிடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு உவர் ஏறியதால் குடிக்காமல் விட்ட கிணறுகள் வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரையில் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர் எங்கேயோ. யார் மீது வழக்குப் போடுவீர்கள்? அது சபையின் வேலை. கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்து, மூட வேண்டியதை மூடி, மீன் விடக்கூடிய கிணற்றில் குடம்பி தின்கிற மீனை விடுங்கள். பாதி கட்டி விட்டுப்போன பொதுக் கட்டடங்களின் மேல்தட்டையும் ஏறிப் பாருங்கள். வீட்டு வளவில் டோர்ச் அடிக்கிற பரிசோதகர் அங்கே ஏறி நான் கண்டதில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. நோயாளி என்று தெரிந்த நாளில் இருந்து மூன்று நாளுக்குள் அந்த வீட்டுக்கும் சுற்றி இருக்கிற இருபது வீட்டுக்கும் ஆட்கள் வர வேண்டும். மெஷினோடு இல்லை, பம்போடு. உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியிலும் இருட்டு மூலைகளிலும் அடிக்க வேண்டும். வருவதற்கு முதல் நாள் சொல்ல வேண்டும். மருந்தின் பெயரும், காயும் வரை எவ்வளவு நேரம் வெளியில் நிற்க வேண்டும் என்பதும் தமிழில் ஒரு துண்டில் இருந்தால் போதும். மூச்சிழுப்பு நோய் உள்ளவர்கள், கைப்பிள்ளைக்காரர் இருக்கிற வீட்டில் முதலில் விசாரிக்க வேண்டும். இருபது வீட்டை இரண்டு பேர் ஒரு நாளில் முடிப்பார்கள், அப்பாவின் கணக்கில் அதைவிடக் கூட. இதை மாவட்டம் முழுக்கத் தொடங்கச் சொல்லவில்லை. இந்த மாரிக்கு எங்கள் ஊரில் மட்டும் செய்து பாருங்கள், பக்கத்து ஊரில் வழக்கம்போலப் புகை அடியுங்கள், தையில் இரண்டு ஊர்க் கணக்கையும் எடுத்து வைத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டு குடம்பி எண்ணுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்க முதல் யாராவது வந்து கதைத்தால் நல்லது. விதைப்பு நாட்களில் பகலில் வராதீர்கள், முக்கால்வாசி வீடு பூட்டித்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கே ஆள் எழும்பியிருக்கும். நாயைக் கட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையில் இருந்து ஒரு அம்மம்மா